உப்பு பார்த்தாச்சு

ஏனுங்க, இப்ப ஒண்ணு சொன்னீங்களே, 'உப்பு பார்த்தாச்சு, பாப்பா பாக்கலாம்'னு. அது உங்களுக்கு எப்படி வந்துச்சுங்க? வாட்ஸ்அப் குரூப்புலயா? திருப்பூர் வரைக்கும் போயிருச்சுங்களா அது. ம்.

ஐயோ, போனைப் பிடுங்காதீங்க. பாப்பா அழும். நான் ஒண்ணும் தப்பா சொல்லல. அந்த வீடியோல மீனு கோட்டு சூட்டு போட்டுட்டு பஸ் ஓட்டுது, பின்னாடி குடையெல்லாம் டிக்கெட் எடுத்துட்டு உக்காந்திருக்குது, அவ்வளவுதானே. அதுல ஒண்ணும் கெடுதல் இல்லைங்க. பாருங்க, மறுபடியும் தீர்ப்பு சொல்றேன். இந்த வாய வெச்சுட்டு என்னதான் பண்றதோ.

அந்த வார்த்தை என்னோடதுங்க. சத்தியமா. உப்பு பார்த்தாச்சுன்னு மொதல்ல போட்டது நான்தான். என்ற பேரு மேனகா, ஈரோடு. வீட்டுக்காரர் பெட்ஷீட் கடை வெச்சிருக்கார். இவ என்ற பொண்ணு சஷ்மிதா, மூணாவது படிக்கறா. ரயிலு சங்ககிரி தாண்டுனதுமே மடியில சாஞ்சுட்டா, தூங்கட்டும். முழிச்சிருந்தா நான் இதையெல்லாம் பேச மாட்டேன். சத்தம் மட்டும் கொஞ்சம் கொறைச்சு வெச்சுக்கறீங்களா? பாட்டுச் சத்தந்தான்.

கல்யாணத்துக்கு முந்தி நான் ஒரு வருஷம் விஸ்காம் படிச்சேன், படம் எடுக்கற படிப்பு. ஒரே வருஷந்தான். மாப்பிள்ளை வந்துருச்சு, படிப்பு நின்னுபோச்சு. அதுக்கப்பறம் பத்து வருஷம், அந்த ஒரு வருஷத்தப் பத்தி ஒரு ஆளு ஒரு வார்த்தை கேட்டதில்லைங்க. எங்க மாமியாருக்கு அது டைப்ரைட்டிங் மாதிரி ஏதோ ஒண்ணுன்னு நெனப்பு. இத எதுக்குச் சொல்றேன்னா, இவ ஸ்கூல் அம்மாக்க குரூப்புல ஒரு நாள் ஒரு கேள்வி வந்துச்சு. அதுக்குப் பதில் தெரிஞ்ச ஒரே ஆளு நானா இருந்தேன். அந்த ருசி இருக்குதே, அது பொல்லாதது.

போன வருஷம் ஸ்கூல் திறந்த புதுசுங்க. ஒரு பாட்டு கெளம்புச்சு. கொழந்தைங்க வாயில அதே பாட்டுதான். பாட்டு நல்லாத்தான் இருக்கும், துள்ளலா. வீடியோதான் ஒரு மாதிரி. வீடு பூரா கூரை வரைக்கும் தண்ணி நிக்கும், தண்ணிக்குள்ள குடும்பமா உக்காந்து இட்லி சாப்பிடுவாங்க, சட்னி மட்டும் மேல மெதந்து போகும். திவிஷ் அம்மா குரூப்புல போட்டாங்க, 'இது பேய்ப் படமா சாமிப் படமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க'ன்னு. எங்க குரூப்புல யாருக்கும் பேரு கெடையாதுங்க. திவிஷ் அம்மா, ஹாசினி அம்மா, கவின் அம்மா, அப்படித்தான். நான் சஷ்மி அம்மா.

நான் எழுதுனேன். பேயுமில்ல சாமியுமில்ல, இதுக்கு சர்ரியல்னு பேரு, கனவு மாதிரி, கனவுல அர்த்தம் தேடுவமா, அப்படின்னு நீளமா எழுதிப் போட்டேன். அம்பது பேரு கை கூப்பி அனுப்புனாங்க. ஆனா கவின் அம்மா மட்டும் கேட்டாங்க, 'அது சரிங்க, நீங்க பெரியவங்க. கொழந்தை பாத்தா பயப்படுமா பயப்படாதா, அதச் சொல்லுங்க.'

நியாயமான கேள்விதானே? அந்நேரம் பாத்து இவ ஸ்கூல் விட்டு வந்து என்ற கைக்குக் கீழ தலைய விட்டுப் பாத்தா. சட்னி மெதந்து போறதப் பாத்து கெக்கெக்கேன்னு சிரிச்சா. நான் அடுப்புல கொழம்ப வெச்சுட்டு, கரண்டியும் கையுமா நின்னுட்டு இருந்தேன். அப்படியே தோணுச்சு, போட்டுட்டேன். 'என் பொண்ணு பார்த்துட்டா. சிரிச்சா. உப்பு பார்த்தாச்சு, சரியா இருக்கு.'

அவ்வளவுதானுங்க. அன்னைக்கு வந்த ஹார்ட்டுக்கு அளவே இல்ல.

அதுக்கப்பறம் தெனமும் யாராவது ஒரு வீடியோ அனுப்புவாங்க. 'மேனகா, இதுக்குக் கொஞ்சம் உப்பு பாருங்க.' பேரு சொல்லிங்க! சஷ்மி அம்மான்னு இல்ல, மேனகான்னு. மூணு பதில் வெச்சிருந்தேன். நல்லா இருந்தா, உப்பு சரி. கூட ஒக்காந்து பாக்கோணும்னா, கொஞ்சம் தூக்கல். ஆகவே ஆகாதுன்னா, வாயில வைக்க முடியல. பக்கத்து ஸ்கூல் குரூப்புக்கும் போச்சு. எங்க நாத்தனார் கோபில இருந்து கூப்பிட்டு, 'அண்ணி, அது நீங்களா?'ன்னு கேட்டா.

எப்படிப் பாப்பேன்னு சொல்றேன் கேளுங்க. அதுலதான் இருக்குது எல்லாம். சாயங்காலம் இவ வந்ததும் பாலும் பிஸ்கட்டும் குடுப்பேன். போனை சக்கரை டப்பாமேல சாச்சு வெப்பேன். இவ போனைப் பாத்து ஒக்காருவா, நான் இவளப் பாத்து ஒக்காருவேன். நான் வீடியோவப் பாக்கறதே இல்லைங்க. பாதி வீடியோ என்னன்னே எனக்குத் தெரியாது. இவ முகத்தத்தான் பாப்பேன். புருவம் சுருங்குதா, வாய்க்குக் கை போகுதா, காலை மேல தூக்கி வெச்சுக்கறாளான்னு. பெரிய விஞ்ஞானி மாதிரி ஒரு நோட்டுல வேற குறிச்சு வெப்பேன்.

மொதல்ல எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. பயந்தா பயந்தேன்னு முகம் சொல்லும், நானும் தூக்கல்னு போடுவேன். அப்பறம் ஒரு நாள், அந்த ஆரஞ்சுப் பழ வீடியோ வந்துச்சு. அது உங்களுக்கு வந்திருக்காது. வந்தாலும் பாக்காதீங்க. ஒரு அம்மா, சமையக்கட்டுல நின்னு பாடிட்டே காதுக்குப் பின்னாடி கைய வெச்சு, ஆரஞ்சுத் தோலு உரிக்கற மாதிரி முகத்த உரிப்பா. உள்ள இன்னொரு முகம் இருக்கும். அதையும் உரிப்பா. உள்ள இன்னொண்ணு. கண்ணாடிக்குள்ள இருக்கற அம்மா மட்டும் உரிக்காம இவளையே பாத்துட்டு நிப்பா. மெட்டு தாலாட்டு மாதிரி அவ்வளவு இனிமையா இருக்கும். ரத்தமில்ல, கத்தல் இல்ல, கெட்ட வார்த்தை இல்ல. காகிதத்துல எழுதிப் பாத்தா ஒரு தப்பும் கெடையாது.

இவ கண்ண மூடிட்டா. போனைத் திருப்பி வெச்சுட்டா. 'வேண்டாம்மா'ன்னா.

அப்ப நான் என்ன பண்ணியிருக்கோணும்? வாயில வைக்க முடியலன்னு போட்டுட்டு எந்திரிச்சிருக்கோணும். ஆனா அன்னைக்குக் குரூப்புல எழுவது பேரு காத்துட்டு இருந்தாங்க. நான் சொன்னேன், 'என்ன அம்மணி, திவிஷ் முழுசாப் பாத்துட்டானாம். நீ தைரியசாலின்னு எல்லாரும் சொல்றாங்க, நீ இப்படிப் பண்ணலாமா?' திவிஷ் பாத்தானோ இல்லையோ, எனக்குத் தெரியாதுங்க. சும்மா சொன்னேன்.

அவ போனை நிமித்தி வெச்சா. முழுசாப் பாத்தா. கண்ணே சிமிட்டல.

'உப்பு சரி'ன்னு போட்டேன்.

அன்னைல இருந்து இவ முகத்துல ஒண்ணுமே தெரியாதுங்க. எதப் போட்டாலும் அப்படியே ஒக்காந்திருப்பா. நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா? பொண்ணு பக்குவம் ஆயிட்டா, கலைய ரசிக்கக் கத்துக்கிட்டான்னு நெனச்சேன். குரூப்புலயே எழுதுனேன். வெக்கமா இருக்குதுங்க இப்பச் சொல்ல. 'என் பொண்ணு கண்ணே சிமிட்டல'ன்னு எழுதுனேன்.

வீட்டுல வேற வேலையெல்லாம் நடந்துட்டு இருந்துச்சு. பாத்ரூம் கண்ணாடிமேல தெனமும் ஈரத் துண்டப் போட்டு வெச்சுட்டு வருவா. நான் தெனமும் திட்டுவேன். 'துண்டு காயப் போடற எடமாடி அது, கொடிதான் இருக்குதல்ல?' சரிம்மாம்பா. மறுநாள் அதே துண்டு அதே கண்ணாடிமேல. சோம்பேறித்தனம்னு நெனச்சேன்.

அப்பறம் ஸ்கூட்டில போகையில. பின்னாடி ஒக்காந்துட்டு என்ற காதுக்குப் பின்னாடி வெரலால தடவிட்டே வருவா. ரெண்டு பக்கமும். மெதுவா, மேல இருந்து கீழ வரைக்கும். எனக்குக் கூசும், சிரிப்பேன். கொஞ்சறான்னு நெனச்சேன். ஹாசினி அம்மாகிட்டப் பெருமையாச் சொன்னேன், 'என்ற பொண்ணுக்கு என்மேல அவ்வளவு ஆசைங்க, வண்டில போனாக்கூடக் காதத் தடவிட்டேதான் வருவா.'

அவ விளிம்பு தேடியிருக்கறா. உரியற எடம் எங்க இருக்குதுன்னு.

இது எனக்கு அப்பத் தெரியாது. ஒரு அம்மாவுக்கு இது தெரியாதான்னு நீங்க கேக்கலாம். கேளுங்க. நானும் தெனமும் கேக்கறேன்.

ஜனவரில ஸ்கூல்ல ஒரு கூட்டம் வெச்சாங்க. சனிக்கெழமை காலைல, பெத்தவங்களுக்காக. 'பிள்ளைகளும் இணையப் பாடல்களும்'னு பேனர் அடிச்சு, பேசறதுக்கு என்னையக் கூப்பிட்டாங்க. ஹெச்.எம். மேடமே போன் பண்ணி, 'மேனகா மேடம்'னாங்க. நான் பட்டுச் சேலை எடுத்துக் கட்டுனேன். எங்க வீட்டுக்காரர் கடையச் சாத்திட்டு வந்து மொத வரிசைல ஒக்காந்தார். பத்து வருஷத்துல நான் பேசறத அவர் கேக்க வந்தது அன்னைக்குத்தான்.

நல்லாப் பேசுனேனுங்க. கைதட்டுனாங்க. அதோட நிறுத்தியிருந்தா ஆச்சு. கடைசில யாரோ ஒருத்தர், ஒரு அப்பா, கேட்டார், 'நீங்க எப்படிங்க கண்டுபுடிக்கறீங்க, அதக் கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்.' நான் யோசிக்கவே இல்ல. இவளக் கூப்பிட்டு மேடைல நிறுத்துனேன். யூனிஃபார்ம்ல இருந்தா, தண்ணி பாட்டில் கழுத்துல தொங்குச்சு. பெரிய ஸ்கிரீன்ல ஆரஞ்சு வீடியோவையே போடச் சொன்னேன். ஏன்னா அதுலதான் இவ கண்ணே சிமிட்டலயே. 'எல்லாரும் ஸ்கிரீனப் பாக்காதீங்க, என் பொண்ணு முகத்தப் பாருங்க'ன்னு மைக்குல சொன்னேன்.

எரநூறு பேரு இவ முகத்தையே பாத்தாங்க. போன்ல கையளவு பாத்த அந்த அம்மா, ஸ்கிரீன்ல செவுரளவு நின்னு முகத்த உரிக்கறா. இவ அப்படியே நின்னா. செலை மாதிரி. நான் சொன்னேன், 'பாத்தீங்களா? பயமில்ல. அப்ப இதுக்கு உப்பு சரி.' எல்லாரும் கைதட்டுனாங்க. நான் அந்தக் கைதட்டலப் பாத்துட்டு இருந்தேன்.

முன்வரிசைல ஒரு எல்கேஜி பாப்பா ஒக்காந்திருந்துச்சு. உங்க பாப்பா அளவுதான் இருக்கும். அது எந்திரிச்சு நின்னு கையக் காட்டி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, 'அம்மா, அந்த அக்கா ஒண்ணுக்குப் போயிட்டாங்க'ன்னுச்சு.

நான் கீழ பாத்தேன். வெள்ளை சாக்ஸு ரெண்டும் நனைஞ்சு, ஷூவச் சுத்தித் தேங்கி நிக்குது. முகத்துல ஒண்ணுமே இல்லைங்க. முகம் மட்டும் அப்படியே இருக்குது.

இது வரைக்கும் வீட்டு ஆளுங்களுக்குத் தெரியும். எங்க அக்காவுக்குத் தெரியும், இவங்க அப்பாவுக்குத் தெரியும். இதுக்கு மேல நான் பண்ணுனதத்தான் என்ற வாயால யாருகிட்டயும் ஒத்துக்கிட்டதில்ல. நீங்க காட்பாடில எறங்கிப் போயிருவீங்க, நாளைக்கு என்னையப் பாக்கப் போறதில்ல. அதனால சொல்றேன்.

நான் ஓடிப் போய்த் தூக்கியிருக்கோணுமா இல்லையா? தூக்கலைங்க. கையில மைக் இருந்துச்சு. அந்த மைக்குலயே சிரிச்சுட்டுச் சொன்னேன். 'ஒண்ணுமில்லைங்க, தண்ணி பாட்டில் மூடி கழண்டு கொட்டிருச்சு.' எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் இவளத் திரும்பிப் பாத்து, மைக்குலயேதான், 'தண்ணிதானே கண்ணு?'ன்னு கேட்டேன்.

இவ மூடி திறக்காத அந்த பாட்டிலக் கையில எடுத்துப் பாத்தா. அப்பறம் என்னையப் பாத்தா. 'ஆமாம்மா, தண்ணி'ன்னா.

எட்டு வயசுங்க. என்ற மானத்தக் காப்பாத்துனா. அவ மானத்த நான் காப்பாத்தல.

வீட்டுக்குப் போய்க் குளிக்க வைக்கையில, துண்ட எடுத்துக் கண்ணாடிமேல போட்டா. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. 'ஏன் கண்ணு போடறே?'ன்னு அன்னைக்குத்தான் கேட்டேன். அத்தனை மாசமாத் திட்டுனேனே தவிர, ஏன்னு ஒருக்காகூடக் கேக்கல. சொன்னா. கண்ணாடில இருக்கற அம்மா வந்துருவாங்கன்னா. காதுக்குப் பின்னாடி எதுக்குத் தடவறேன்னும் சொன்னா. ஏன் அன்னைக்கே சொல்லலன்னு கேட்டேன். 'நான் பயந்தா உனக்கு யாரும் ஹார்ட் போட மாட்டாங்கல்லம்மா'ன்னா. நான் அந்தப் பாத்ரூம் ஈரத்துலயே சேலையோட ஒக்காந்துட்டேன்.

இப்ப டாக்டரம்மா ஒருத்தர்கிட்டக் காட்டறோம். எடம் மாறுனாத் தேவலைன்னாங்க, பத்து நாள் ஆவடில எங்க அக்கா வீட்டுல இருந்துட்டு வரலாம்னு போறோம். அங்க பாத்ரூம்ல கண்ணாடி இல்லைன்னு கேட்டுட்டுத்தான் டிக்கெட்டே போட்டேன்.

குரூப்புங்களா? அதுல இருந்து வெளிய வந்துட்டேன். நெசத்தச் சொல்லிட்டு வரல. 'சொந்த வேலை காரணமாக விலகுகிறேன், அனைவரின் அன்புக்கும் நன்றி'ன்னு போட்டேன். அழகாத் தமிழ்ல போட்டேன். போகாதீங்கன்னு நூறு பேரு எழுதுனாங்க.

அப்ப உங்களுக்கு வந்தது யாரு போட்டதுன்னு கேக்கறீங்களா? இப்பக் கவின் அம்மா பண்றாங்கன்னு கேள்விப்பட்டேன். அதே மூணு பதில்தான். சரி, தூக்கல், வாயில வைக்க முடியல. கவின ஒக்கார வெச்சுப் பாக்கறாங்களாம். நான் அன்னைக்கு மேடைல சொல்லிக் குடுத்த மாதிரியே, முகத்தப் பாத்து. அவனும் கண்ணே சிமிட்டறதில்லையாம்.

இல்லைங்க. சொல்லல. கவின் அம்மாகிட்டச் சொல்லோணும்னு தெனமும் போனை எடுப்பேன். சொன்னா அந்தத் தண்ணியும் சொல்லோணும்ல? பொண்ணுக்குத்தானே அசிங்கம், அவ பேரு கெட்டுப்போகும்னு கீழ வெச்சுருவேன். ஆமாங்க, பொண்ணுக்காகத்தான். வேற எதுக்கு?

அதுவும் இல்லாம, கவின் ஆம்பளைப் பையன், அவனுக்கு என்ன...

என்ன கண்ணு?

எப்ப முழிச்சே?

ஏனுங்க, நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க, தூங்கிட்டுத்தானே இருந்தா? கண்ணு அசையவே இல்லையே. முகத்துல ஒண்ணுமே... ஐயோ. அந்த முகத்த எனக்குத் தெரியுமேங்க. எனக்குத் தெரியாதா அது. மடியிலயே வெச்சுட்டு, மறுபடியும் பாக்காம, உங்ககிட்ட எல்லாத்தையும்...

என்ன அம்மணி சொல்றே? சத்தமாச் சொல்லு, அம்மாவுக்குக் கேக்கல.

கேட்டீங்களா என்ன கேக்கறான்னு? 'கவினுக்குச் சொல்லிட்டியாம்மா?'ங்கறா.

இல்ல கண்ணு. சொல்லல. ஏன்னா... ஏன்னா அம்மாவுக்கு வெக்கமா இருந்துச்சு. உனக்காக இல்ல. எனக்குத்தான்.

சரி. சரி கண்ணு. அந்த போனை எடுத்துக் குடு. பையில முன்னாடி ஜிப்புல. உன்னையப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன், அன்னைக்கு நான் சொன்ன தண்ணிப் பொய்ய மட்டும் சொல்றேன், சரியா? நெசமா. சொல்லட்டுமா? தலையாட்டாதே, வாயால சொல்லு. சொல்லட்டுமா?

'சொல்லும்மா'ங்கறா. கவின் அம்மா போனை எடுக்க மாட்டேங்கறாங்க. வாய்ஸ் மெசேஜாப் பேசி அனுப்பிடறேன். கொஞ்சம் அந்தப் பாட்ட நிறுத்துங்க, ஒரே நிமிஷம்.

கவின் அம்மா, நான் மேனகா. சஷ்மி அம்மா. உங்க பேரு என்னன்னுகூட இத்தனை நாளா நான் கேக்கல, மன்னிச்சுக்கங்க. கவின ஒக்கார வெச்சு உப்பு பாக்கறத இன்னைக்கே நிறுத்துங்க. கண்ணு சிமிட்டலன்னா பயமில்லைன்னு அர்த்தம் இல்லைங்க. அன்னைக்கு மேடைல பாட்டில் கொட்டுச்சுன்னு சொன்னது பொய். அந்தப் பொய்ய நான்தான் சொன்னேன். எரநூறு பேரு முன்னாடி சொன்னேன். நீங்க இதக் குரூப்புலயே போட்டுருங்க, எல்லாரும் கேக்கட்டும். கவின்கிட்ட...

இரு கண்ணு, அம்மா பேசிட்டு இருக்கறேன்ல, காதுக்குப் பின்னாடி...

இல்ல. இல்ல, நீ பாரு. நான் அசையல. அந்தப் பக்கமும் பாரு. அவசரமே இல்ல.